"அது வேணும்னே தோக்குதுப்பா!" - அவனியாபுரம் மெக்கானிக் மகளுக்குக் கிடைத்த நேர்மையான செஸ் எதிராளி

அவனியாபுரத்தில் விமானம் தலைக்கு மேலே தாழப் பறந்து போகும். பக்கத்திலேயே ஏர்போர்ட் என்பதால் அந்தச் சத்தத்துக்கு யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அன்று சாயங்காலமும் அப்படித்தான். மெயின் ரோட்டை ஒட்டிய அந்த டூவீலர் ஒர்க்‌ஷாப்பில், ஸ்பேனர்கள் தொங்கும் பலகைக்குக் கீழே, பழைய லேப்டாப் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி.

"இனிமே நான் செஸ் வெளாட மாட்டேன்ப்பா."

கையில் இருந்த கிரீஸை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார் அப்பா.

"ஏன் தாயி, தோத்துட்டியா?"

"இல்ல. ஜெயிச்சுட்டேன்."

"ஜெயிச்சதுக்கா அழுவுற?"

"அது வேணும்னே தோக்குதுப்பா. நல்லா வெளாடிக்கிட்டே இருந்துச்சு. திடீர்னு ராணியைக் கொண்டுவந்து என் சிப்பாய் முன்னாடி வச்சுருச்சு. எனக்கு வெளாடத் தெரியாதுன்னு அது நெனைக்குது."

அப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பல்லாங்குழியில் அப்பத்தா விட்டுக்கொடுத்து ஜெயிக்க வைத்தால் நாலு வயதுக் குழந்தை கைதட்டும். பதினோரு வயதுப் பிள்ளைக்கு அது அவமானம்.

குகேஷ் ஜெயித்த நாளில் தொடங்கியது

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அன்று ராத்திரி தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் பரணில் கிடந்த செஸ் போர்டு கீழே இறங்கியிருக்கும். இந்த மெக்கானிக் வீட்டிலும் இறங்கியது. காய்கள் எப்படி நகரும் என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். மூன்று வாரத்தில் அவள் அவரைத் தோற்கடிக்க ஆரம்பித்தாள்.

பக்கத்தில் ஒரு மாஸ்டரிடம் வாரம் இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பினார். மீதி ஐந்து நாளும் யாருடன் விளையாடுவது? தெருவில் செஸ் தெரிந்த பிள்ளைகள் இல்லை. அப்பாவுக்கோ கடையை மூடவே ஒன்பது மணி ஆகிவிடும். போனில் ஆன்லைனில் ஆட விடவும் பயம். அதனால் செகண்ட் ஹேண்டில் ஒரு லேப்டாப் வாங்கினார். ஒரு மாத மிச்சத்தைப் போட்டு, விலைகொடுத்து ஒரு செஸ் சாஃப்ட்வேரும் வாங்கிப் போட்டார்.

வாங்கிய முதல் வாரம் அது முழு பலத்தில் விளையாடியது. பாப்பா இருபது ஆட்டம் ஆடினாள். இருபதிலும் தோல்வி. பல ஆட்டங்கள் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. "லெவலைக் குறைச்சு வைங்க" என்றார் மாஸ்டர். குறைத்து வைத்தார்கள். அப்புறம்தான் இந்த அழுகை.

இதில் சாஃப்ட்வேரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மிகப் பலமான ஒரு எஞ்சினைப் பலவீனமாக விளையாடச் சொன்னால், அதற்குத் தெரிந்த சிறந்த நகர்த்தலை விட்டுவிட்டு, நடுநடுவே மோசமான ஒன்றைப் போட வேண்டியிருக்கும். பத்து நகர்த்தல் உலக சாம்பியன் மாதிரி. பதினோராவது நேற்றுக் கற்றுக்கொண்டவன் மாதிரி. மனிதர்கள் அப்படித் தப்பு செய்வதில்லை. பெரியவர்கள் வேண்டுமென்றே தோற்கும்போது குழந்தைகளுக்குத் தெரிந்துவிடுகிற மாதிரி, இதுவும் பாப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.

"எஞ்சினை மாத்திடலாம்ணே"

வழி சொன்னது, பைக்குக்கு ஆயில் மாற்ற வந்த இன்ஜினீயரிங் காலேஜ் பையன்.

"இந்த சாஃப்ட்வேர் நல்லதுதாண்ணே. ஆனா உள்ள இருக்க எஞ்சினைத்தான் ஓட்டணும்னு கட்டாயம் இல்ல. வேற எஞ்சினை எடுத்து இதுலயே மாட்டலாம்."

மெக்கானிக்குக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. மூன்று சக்கர மிதிவண்டியில் பழைய ஸ்கூட்டர் எஞ்சினை மாட்டி ஓட்டுகிறவர்களுக்கு எத்தனையோ தடவை ரிப்பேர் பார்த்தவர். "பாடி ஒரு கம்பெனி, எஞ்சின் ஒரு கம்பெனி. அம்புட்டுதானே தம்பி?" என்றார்.

அவ்வளவுதான். செஸ் சாஃப்ட்வேரில் இரண்டு பாகம் உண்டு. போர்டு, காய்கள், கடிகாரம், ஆடிய ஆட்டங்களைச் சேமித்து வைக்கும் பெட்டி என நம் கண்ணுக்குத் தெரிவது ஒரு பாகம். அது வண்டியின் பாடி. உள்ளே உட்கார்ந்து "அடுத்து என்ன ஆடலாம்" என்று யோசிப்பது இன்னொரு பாகம். அதுதான் எஞ்சின். எஞ்சினுக்குப் படமோ நிறமோ கிடையாது. வெறும் எழுத்தில்தான் அது பேசும்.

இரண்டும் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி வேண்டுமே? 2000 நவம்பரில் ருடால்ஃப் ஹூபர், ஸ்டீபன் மேயர்-காலன் என்ற இருவர் அப்படி ஒன்றை வெளியிட்டார்கள். யுசிஐ என்று பெயர். "இதுவரை ஆடிய நகர்த்தல்கள் இவை, யோசி" என்று பாடி எழுதி அனுப்பும். "இதுதான் சிறந்த நகர்த்தல்" என்று எஞ்சின் பதில் எழுதும். நட்டும் போல்ட்டும் எல்லா கம்பெனிக்கும் ஒரே அளவு என்று ஆகிவிட்ட மாதிரி. ஜெர்மனியின் செஸ்பேஸ் நிறுவனம் விற்கும் பிரிட்ஸ் போன்ற வணிகச் சாஃப்ட்வேர்களும் இந்த மொழியை ஏற்றுக்கொண்டன. அதன்பின், உலகின் எந்த மூலையிலோ ஒருவர் பொழுதுபோக்காக எழுதிய எஞ்சினையும், காசு கொடுத்து வாங்கிய அழகான போர்டில் ஓட்ட முடிந்தது.

அதற்கு முன்பே வின்போர்டு என்ற வேறொரு மொழியில் பேசிய பழைய எஞ்சின்கள் ஏராளம். அவற்றுக்கும் யுசிஐக்கும் நடுவில் துபாஷி மாதிரி உட்கார்ந்து மொழிபெயர்க்க ஒரு குட்டி புரோகிராமை ஆட் குன்னர் மாலின் எழுதிக் கொடுத்தார். அதுவும் இலவசம்.

ஸ்டார்ட் ஆகாத எஞ்சின்

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. தம்பி லேப்டாப்போடு உட்கார்ந்தான். முதலில் இறக்கியது ஸ்டாக்ஃபிஷ். இன்றைக்கு உலகின் மிகப் பலமான செஸ் எஞ்சின்களில் ஒன்று, முழுக்க இலவசம். எஞ்சின் மெனுவுக்குப் போய், புதிய யுசிஐ எஞ்சின் சேர்க்கும் இடத்தில் ஃபைலைக் காட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி செய்தான். அப்போதும் இல்லை.

"பிளக்குல கரண்டு வரலையா தம்பி?" என்றார் மெக்கானிக்.

கிட்டத்தட்ட அதுதான். ஸ்டாக்ஃபிஷ் பல பதிப்புகளாகக் கிடைக்கும். ஏவிஎக்ஸ்2 என்று பெயரில் இருப்பது அந்த வசதி உள்ள பிராசஸர்களில் மட்டுமே ஓடும். இன்டெல்லில் அது வந்ததே 2013-ல்தான். இந்த லேப்டாப் அதற்கும் மூத்தது. பழைய பிராசஸர்களுக்கான பதிப்பை இறக்கியதும் உடனே ஸ்டார்ட் ஆனது. ஆனால் ஃபேன் ஜெட் மாதிரி இரைந்தது. லேப்டாப்பில் இருக்கும் மொத்த த்ரெட்டையும் எஞ்சினுக்கே கொடுத்திருந்தான் தம்பி. பாதியாகக் குறைத்தான். சத்தம் அடங்கியது.

"ஐட்லிங் செட் பண்ணிட்ட" என்று சிரித்தார் மெக்கானிக்.

பாப்பா மட்டும் சிரிக்கவில்லை. "இதுவும் என்னைய அஞ்சு நிமிஷத்துல தோக்கடிக்கும். இல்லாட்டி வேணும்னே தோக்கும்" என்றாள்.

சரியாகத்தான் சொன்னாள். மாக்னஸ் கார்ல்சன் தொட்ட உச்ச ரேட்டிங் 2882. கம்ப்யூட்டர்களுக்கான பட்டியல்களில் ஸ்டாக்ஃபிஷ் 3500-க்கும் மேலே நிற்கிறது. இரண்டும் வேறு வேறு பட்டியல். அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆனாலும் அந்த எஞ்சினை இன்று எந்த மனிதராலும் ஜெயிக்க முடியாது என்பதில் சந்தேகம் இல்லை. அதை வைத்து ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பயிற்சி கொடுப்பது, மாடுபிடி பழக வந்த பையனை முதல் நாளே வாடிவாசலில் கொண்டு நிறுத்துகிற மாதிரி. பொங்கலன்று ஜல்லிக்கட்டு நடக்கிற ஊர் இது. அந்த விஷயம் இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சின்ன எஞ்சின், நேர்மையான எஞ்சின்

"இரு பாப்பா, வேற ஒண்ணு இருக்கு" என்று தம்பி இறக்கியது டிஎஸ்சிபி. விரித்தால், டாம் கெரிகன்ஸ் சிம்பிள் செஸ் புரோகிராம். செஸ் எஞ்சின் எப்படி எழுதுவது என்று கற்றுக்கொள்கிறவர்கள் பிரித்துப் படித்துப் பார்ப்பதற்காகவே எளிமையாக எழுதப்பட்டது. இதைப்போல உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான அமெச்சூர் எஞ்சின்கள் உண்டு. நெதர்லாந்தின் முல்லர் எழுதிய மைக்ரோ-மேக்ஸின் மொத்த நிரலும் சுமார் 2 கிலோபைட்தான். நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு குட்மார்னிங் படத்தைவிடப் பல மடங்கு சின்னது. அதுவும் முழு ஆட்டம் ஆடும்.

கம்ப்யூட்டர் உலகத்தில் இவை நோஞ்சான்கள். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு அப்போதும் கஷ்டமான எதிராளிகள். அதனால் தம்பி இன்னொன்றும் செய்தான். எத்தனை நகர்த்தல் தூரம் யோசிக்கலாம் என்று எல்லை வைத்தான். நாலு. அதாவது அதன் பக்கம் இரண்டு, எதிராளி பக்கம் இரண்டு. வெட்டுக்குத்து நடக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கும்.

லெவலைக் குறைப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அங்கே எல்லாம் தெரிந்த ஒருவர் தெரியாதமாதிரி நடிக்கிறார். இங்கே தெரிந்தது இவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஜெயிக்கவே பார்க்கிறது. ராணியைச் சும்மா தூக்கிக் கொடுக்காது. தப்பு செய்தால், தூரத்தில் வருவது கண்ணுக்குத் தெரியாததால் செய்யும். நாமும் அப்படித்தானே தப்பு செய்கிறோம்?

முதல் வாரம் பாப்பா எல்லா ஆட்டத்திலும் தோற்றாள். ஆனால் அழவில்லை. ஒவ்வோர் ஆட்டமும் நாற்பது நகர்த்தல் வரை போனது. இரண்டாவது வாரம் ஒன்று டிரா. ராத்திரி சோற்றைத் தட்டில் வைத்துக்கொண்டு, "அந்தக் குதிரையை நான் ஏன் அங்க வச்சேன்?" என்று தனக்குத்தானே பேச ஆரம்பித்தாள்.

மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை. போர்டில் பெரிய காய்கள் எல்லாம் காலி. இரண்டு ராஜாக்களும் சில சிப்பாய்களும்தான் மிச்சம். பாப்பாவின் ஓரத்துச் சிப்பாய் ஒன்று ராணியாக இன்னும் நாலு கட்டம் போக வேண்டும். எதிர் ராஜா போர்டின் நடுவில். பாப்பா வேறொரு சிப்பாயைக் காப்பாற்றாமல் அப்படியே விட்டாள். எஞ்சினின் ராஜா அதைத் தின்னப் போனது. ஓரத்திலிருந்து ஒரு கட்டம் விலகிவிட்டது.

பாப்பா ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினாள். ராஜா திரும்பி ஓடிவந்தது. எட்டவில்லை. சிப்பாய் ராணியானது.

ஒர்க்‌ஷாப் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு கத்தல். கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தவர் என்னமோ ஏதோவென்று ஓடிவந்தார்.

"ப்பா, மாஸ்டர் சொல்லிக் கொடுத்த ஸ்கொயர் ரூல்ப்பா! நாலு தடவை தள்ளுனா ராணின்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. அதுக்குத் தெரியல. அதுக்கு நாலு மூவ்தான் தெரியும். எனக்கு அதுக்கு மேல தெரியுதுப்பா!"

கம்ப்யூட்டர் செஸ்ஸில் இதற்குப் பெயரே உண்டு: தொடுவான விளைவு. எல்லைக்கு அப்பால் இருப்பது எஞ்சினுக்கு இல்லாதது மாதிரி. பாப்பாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஒரு மெஷினைவிடத் தன்னால் தூரமாகப் பார்க்க முடிந்தது என்பது மட்டும் தெரிந்தது. செஸ்ஸை விடப்போவதாக அவள் அதன்பிறகு சொல்லவே இல்லை.

இலவசம் என்றால் ஏமாளித்தனம் அல்ல

இவ்வளவையும் காசு வாங்காமல் எழுதிக் கொடுத்தது யார் என்று ஒருநாள் கேட்டார் மெக்கானிக். தம்பி ஸ்டாக்ஃபிஷ் கதையைச் சொன்னான்.

அதுவும் ஓர் அமெச்சூர் எஞ்சினாகத்தான் பிறந்தது. நார்வேயின் டோர்ட் ரோம்ஸ்டாட் கிளாரங் என்று ஓர் எஞ்சின் எழுதி, நிரலை எல்லோருக்கும் திறந்து வைத்தார். 2008-ல் இத்தாலியின் மார்கோ கோஸ்டால்பா அதை எடுத்து மேம்படுத்தி ஸ்டாக்ஃபிஷ் என்று பெயர் வைத்தார். இன்று வரை உலகம் முழுக்க இருக்கும் தன்னார்வலர்கள் அதைச் செதுக்குகிறார்கள். சோதனை ஆட்டங்களுக்குத் தங்கள் கம்ப்யூட்டர்களையும் கடன் கொடுக்கிறார்கள்.

இலவசம் என்றாலும் ஒரு நிபந்தனை உண்டு. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் வாங்குகிறவருக்கு அதே உரிமையையும் நிரலையும் தர வேண்டும். தங்கள் உழைப்பை எடுத்துக்கொண்டு இந்த நிபந்தனையை மீறிவிட்டதாகச் சொல்லி, 2021 ஜூலையில் ஸ்டாக்ஃபிஷ் குழுவினர் செஸ்பேஸ் நிறுவனத்தின் மீது ஜெர்மனியில் வழக்கு போட்டார்கள். ஃபேட் ஃபிரிட்ஸ் 2 என்ற எஞ்சின்தான் அதில் முக்கியம். 2022 நவம்பரில் சமரசம் ஆனது. ஸ்டாக்ஃபிஷ் நிரல் உள்ள பொருள்களை ஓராண்டுக்கு விற்பதில்லை என்றும், இனி இந்த விதிகள் சரியாகப் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கத் தனியே ஒரு பொறுப்பாளரை வைப்பதாகவும் நிறுவனம் ஒப்புக்கொண்டது.

"அப்போ நாம மாட்டுனது தப்பா தம்பி?" என்று பதறினார் மெக்கானிக்.

தப்பே இல்லை. இலவச எஞ்சினை நம் வீட்டு சாஃப்ட்வேரில் மாட்டி விளையாடுவதற்கு எந்தத் தடையும் கிடையாது. அடுத்தவர் எஞ்சினைத் தன் எஞ்சின் என்று விற்கும்போதுதான் சிக்கல். மெக்கானிக் தலையாட்டினார். பழைய எஞ்சினுக்குப் பெயின்ட் அடித்துப் புதுசு என்று விற்பவர்களை அவருக்கும் தெரியும்.

பெரிய எஞ்சினுக்கு எப்போது வேலை?

ஸ்டாக்ஃபிஷை அவர்கள் தூக்கிப் போடவில்லை. ஆட்டம் முடிந்த பிறகுதான் அதற்கு வேலை. அதற்கும் மாஸ்டர் ஒரு சட்டம் போட்டார். முதலில் நோட்டில், "நான் எங்கே தப்பு செய்தேன்" என்று பாப்பாவே மூன்று வரி எழுத வேண்டும். அப்புறம்தான் எஞ்சினை ஆன் செய்யலாம்.

ஏன் இந்தக் கண்டிப்பு? எஞ்சின் எது நல்ல நகர்த்தல் என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. ஓர் எண்ணும், சில நகர்த்தல்களும்தான் திரையில் வரும். விடையை முதலில் பார்த்துவிட்டால் கணக்கைப் போட யாருக்குத்தான் மனம் வரும்?

குகேஷ், பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவிடம் கற்ற காலத்தில், கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை எஞ்சின் துணையில்லாமலே பயிற்சி செய்தார் என்பது பலமுறை பேசப்பட்ட செய்தி. அவருக்கு முந்தைய தலைமுறையில் விஸ்வநாதன் ஆனந்துக்கோ சிறுவயதில் கம்ப்யூட்டரே கிடையாது. அம்மா காய் நகர்த்தக் கற்றுக்கொடுத்தார். சென்னையின் மிகைல் தால் செஸ் கிளப்பில் சக மனிதர்களோடு வேகவேகமாக ஆடி வளர்ந்தார்.

கிளப் பக்கத்தில் இல்லாத பிள்ளைகளுக்கு அந்தச் சக மனிதர்கள்தான் பெரிய குறை. அமெச்சூர் எஞ்சின்கள் அந்த இடத்தை முழுதாக நிரப்பாது. ஆனால் காத்திருக்கும் நாள்களில் கைகொடுக்கும். உங்கள் வீட்டிலும் செஸ் ஆடும் பிள்ளை இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். எப்போதும் தோற்றாலும் சரி, எப்போதும் ஜெயித்தாலும் சரி, எதிராளியை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

சென்ற மாதம் மதுரையில் ஒரு பள்ளியில் நடந்த போட்டிக்கு பாப்பா போனாள். ஆறு சுற்றில் இரண்டரை பாயின்ட். கோப்பை எதுவும் இல்லை. கடைசிச் சுற்றில் தோற்ற ஆட்டத்தை, வீட்டுக்கு வரும் வழியில் டவுன் பஸ்ஸிலேயே அப்பாவிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். எதிரில் ஆடியது தன்னைவிடச் சின்னப் பையன் என்பதையும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்காமல் லேப்டாப்பைத் திறந்தாள்.

"ப்பா, நாலு இப்ப லேசா இருக்குப்பா. அஞ்சு வைங்க."